எங்கள் பாலுக்கு வந்த நிறம்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பால்கோவா கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருநாள் எனக்குப் போன் செய்து, "தாயி, நீ ஏதோ கார்பன் கீர்பன்னு வேலை பாக்கியாமே, அது எனக்கு ஒண்ணு வேணும்" என்றார். காய்கறிக் கடையில் கருவேப்பிலை கேட்பதுபோலக் கேட்டார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்த விஷயத்தில் நான் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

நான் குடியிருப்பது ராஜபாளையத்தில். வேலை பார்ப்பது கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு சின்ன நிறுவனத்துக்கு. ஒரு தின்பண்டம் விளைந்து, வெந்து, பெட்டிக்குள் வந்து உட்காருவதற்குள் எவ்வளவு கரியையும் வாயுவையும் காற்றில் விட்டிருக்கிறது என்று கணக்குப் பார்த்து, பெட்டியின் மேல் ஒட்ட ஒரு வட்டம் கொடுப்போம். குறைவென்றால் பச்சை. நடுவாந்தரம் என்றால் மஞ்சள். கூடுதல் என்றால் சிவப்பு. வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். உலகத்துக்குக் கெடுதல் செய்யாமல் இனிப்புச் சாப்பிட ஆசைப்படுகிறவர்கள் நகரத்தில் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். கேலியாகச் சொல்லவில்லை, நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். வீட்டில் எதை வாங்கினாலும் எங்கிருந்து வந்தது, எதில் சுற்றி வந்தது என்று நோண்டி நோண்டிக் கேட்பேன். என்னோடு கடைக்கு வருவதை என் கணவர் நிறுத்தி வெகுநாள் ஆகிறது.

சம்பளத்துக்காக மட்டும் இந்த வேலையைப் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மழை தப்பிப்போய் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன், ஒரே மழையில் கரை உடைந்து நாற்றெல்லாம் போனதையும் பார்த்திருக்கிறேன். மேற்கே மலையில் நடப்பது எதுவும் எங்களுக்குச் செய்தி அல்ல, அடுத்த வேளைச் சாப்பாடு. அதனால் அந்த வட்டத்தை நான் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். என் சங்கடமே அதுதான்.

அண்ணாச்சிக்கு வந்த யோகம் இது: சென்னையில் பல கிளைகள் வைத்திருக்கும் பெரிய கடைக்காரர்கள் அவருடைய பால்கோவாவைத் தின்று பார்த்துச் சொக்கிப்போய்விட்டார்கள். எல்லாக் கிளையிலும் வைக்கிறோம், ஆனால் பெட்டியில் பச்சை வட்டம் இருக்க வேண்டும், அதுதான் எங்கள் கடையின் கொள்கை என்று சொல்லிவிட்டார்கள்.

"பச்சைதானே அண்ணாச்சி, கண்ணை மூடிக்கிட்டு வாங்கித் தாரேன்" என்றேன்.

எனக்கு அப்படியொரு நிச்சயம். பால் வருவது பக்கத்து மம்சாபுரத்திலிருந்து. அடுப்பில் எரிவது கழித்துப்போட்ட புளியங்கிளையும் முந்திரித் தோடும். பாலும் சீனியும் தவிர மூன்றாவது பொருள் கிடையாது. குளிர்பெட்டி கிடையாது. இதற்குப் பச்சை கிடைக்காவிட்டால் வேறு எதற்குக் கிடைக்கும்?

இன்னொன்றும் உண்டு. அந்தக் கடைக்குப் பால் போகும் வீடுகளில் ஒன்று என் அம்மாவுடையது. மம்சாபுரத்தில், நான் பிறந்த வீட்டில், அம்மா தனியாக இரண்டு பசு வைத்திருந்தாள். அப்பா போன பிறகு, ராஜபாளையத்துக்கு வந்து எங்களோடு இரு என்று எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டேன். "நான் வந்துட்டா மாட்டை யாரு பாப்பா?" என்பாள். அதற்கு மேல் பேச்சு ஓடாது. விடிவதற்கு முன் எழுந்திருக்க அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. தெருவில் நாலு பேர் அவளைத் தேடி வர ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணங்களுக்கு நான்கு கால் என்று நான் கேலி செய்வேன்.

"அம்மா, ஒம் மாட்டுப் பாலுக்குப் பச்சை வட்டம் வரப்போகுது. மெட்ராஸ்ல எல்லாக் கடையிலயும் இருக்கும்" என்றேன்.

"வட்டம் கெடக்கட்டும். கோவாவைத் திங்காம வட்டத்தையா திம்பாக?" என்றாள். ஆனால் முகம் மலர்ந்துதான் இருந்தது.

கணக்கெடுக்க மம்சாபுரத்துக்குப் போனோம். சொந்த வீட்டுக் கணக்கைச் சொந்த ஆள் எடுக்கக்கூடாது என்று ஆபீஸில் ஒரு விதி. நல்ல விதிதான். அதனால் அம்மா வீட்டுக்கு என்னோடு வேலை பார்க்கும் கோயம்புத்தூர்ப் பெண் போனாள். தெருவில் மற்ற மூன்று வீடுகளுக்கு நான் போனேன். கேள்விகள் சாதாரணமானவை. மாட்டுக்கு என்ன தீனி வைக்கிறீர்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு கறக்கிறது, சாணத்தை என்ன செய்கிறீர்கள்.

எதிர்வீட்டு அத்தை எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, பெருமையாக ஆரம்பித்தார். "பருத்திக்கொட்டையை ஊறப்போட்டு ஆட்டி வைக்கேன். கடலைப் புண்ணாக்கு, தவிடு, உளுந்தம்பொட்டு எல்லாம் உண்டு. ஒண்ணுலயும் கொறை வைக்கிறதில்ல தாயி."

"பால் எம்புட்டு கறக்கு அத்தை?"

அவர் முகம் சட்டென்று வாடியதுபோல ஆகிவிட்டது. "என்னத்தக் கறக்கு. வேளைக்கு ஒரு லிட்டரு வந்தாப் பெருசு. ஏதோ பேருக்கு நிக்குது."

எழுதிக்கொண்டேன். அடுத்த வீட்டிலும் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு. அங்கேயும் ஏதோ பேருக்குத்தான் நின்றது மாடு. மூன்றாவது வீட்டிலும் அதே கதை. ஒரு வார்த்தைகூட எனக்கு உறுத்தவில்லை. சாயங்காலம் கோயம்புத்தூர்ப் பெண் அம்மா வீட்டிலிருந்து வெளியே வந்து, "உங்க அம்மா ரொம்ப ஸ்வீட், ஆனா பாவம், மாடுதான் பாலே கொடுக்க மாட்டேங்குதாம்" என்றாள். அதற்கும் நான் "ஆமாம்" என்று தலையாட்டினேன்.

முடிவு வந்தபோது நான் ராஜபாளையம் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சிவப்பு. மஞ்சளின் ஓரத்தில் இருக்கும் சிவப்புகூட இல்லை, நல்ல மிளகாய்ச் சிவப்பு. ஏதோ தட்டச்சுப் பிழை என்று நினைத்து, முழுவதையும் முதலிலிருந்து பார்த்தேன். விறகுக்குக் கணக்கு மிகக் குறைவு. வண்டிக்கு ஒன்றுமே இல்லை. எல்லாம் பாலில் இருந்தது.

இந்தக் கணக்கு ஒன்றும் பெரிய சூத்திரம் இல்லை. பசு அசைபோடும்போது வாயிலிருந்து ஒரு வாயு வருகிறது. காற்றைச் சூடாக்குவதில் அது புகையை விடப் பொல்லாதது. மாடு நிறையக் கறந்தாலும் கொஞ்சமாகக் கறந்தாலும் உயிர் வாழத் தின்றாக வேண்டும், அசைபோட்டாக வேண்டும். அந்த வாயுவையும், தீனி விளைவிக்க ஆன செலவையும் கறந்த பாலுக்குப் பங்கு வைப்போம். நாலு பேரோடு ஓடும் டவுன் பஸ்ஸின் டீசல் முழுவதையும் அந்த நாலு பேர் தலையில் கட்டுவதுபோலத்தான். பால் குறைந்தால் லிட்டருக்குப் பங்கு ஏறிவிடும். விலைக்கு வாங்கிய தீனி கூடினால் இன்னும் ஏறும்.

அம்மா வீட்டுத் தாளை எடுத்துப் பார்த்தேன். பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு. வேளைக்கு ஒரு லிட்டர்.

ஒரு லிட்டரா? சின்ன வயசில் பள்ளிக்கூடம் போகுமுன் கறந்த பால் சட்டியை அடுப்படிக்குத் தூக்கிப் போனவள் நான். இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்க முடியும். அம்மாவின் மாடுகள் பருத்திக்கொட்டையைப் பொங்கலுக்கும் கன்று போட்ட சமயத்திலும்தான் பார்த்திருக்கும். மற்ற நாளில் மலையடிவாரத்தில் மேய்ச்சல், அறுத்த வயலில் தாள், கரும்புத் தோகை, தெருவே ஊற்றி வைக்கும் கழுநீர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் மாடு கறக்கும் பாலை யாரும் உள்ளபடி சொல்ல மாட்டார்கள். சொன்னால் கண்ணு பட்டுவிடும். பாதி சொல்வது மரியாதை, அதற்கும் கீழே சொல்வது புத்திசாலித்தனம். கறந்த சட்டியின் மேல் துண்டைப் போட்டு மூடித்தான் எடுத்துப்போவார்கள். தீனி விஷயம் நேர்மாறு. மேய்ச்சலும் கழுநீரும்தான் என்று சொன்னால், மாட்டைப் பட்டினி போட்டுப் பால் கறக்கிறாள் என்று பேர் வந்துவிடும். ஆகவே தீனியைக் கூட்டிச் சொல்ல வேண்டும், பாலைக் குறைத்துச் சொல்ல வேண்டும். இது எங்களுக்குப் பொய்யே கிடையாது. யாராவது உண்மையான அளவைச் சொன்னால்தான் அதிர்ச்சியாக இருக்கும். அதனால்தான் நாலு வீட்டுக் கணக்கும் என் காதில் சரியாக விழுந்தது. படித்து, கணக்குப் போட்டு, கோயம்புத்தூர்க்காரர்களுக்கு வேலை பார்த்து, கடைசியில் நான் மம்சாபுரத்துக்காரியாகவே கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது.

அண்ணாச்சியிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் துடுப்பை வேலையாளிடம் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"செவப்புன்னா என்ன தாயி அர்த்தம்? கோவா கெட்டுப்போச்சுன்னா?"

"இல்ல அண்ணாச்சி. கணக்குல தப்பு இருக்கு. திருப்பி எடுக்கணும்."

"எங்க அய்யா காலத்துல இருந்து கிண்டுறோம். இதுவரைக்கும் ஒருத்தரும் செவப்புன்னு சொன்னதில்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உடம்பில் ஏதோ நோய் என்று டாக்டர் சொல்லக் கேட்டவர் மாதிரி சொன்னார். பிறகு, "வேற பண்ணைக்காரன் ஒருத்தன் பால் தாரேன்னு வந்துட்டுப் போனான். அவன் பாலுக்குப் பச்சை இருக்காம். நான் இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றார்.

அந்தப் பண்ணையை எனக்குத் தெரியும். கலப்பின மாடுகள், நாள் முழுக்கக் கொட்டிக் கறப்பவை, சாணத்திலிருந்து எரிவாயு. பால் டாங்கரில் தூரத்திலிருந்து வரும். முன்பெல்லாம் தூரம்தான் பெரிய பாவம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டால் டாங்கரின் டீசல் ஒரு ஓரத்தில் தூசிபோலத்தான் நிற்கிறது. இப்படிப்பட்ட சமயத்தில் கணக்கின் மேல் எனக்கு வரும் எரிச்சலைச் சொல்லி முடியாது. பக்கத்து ஊர்ப் பாலுக்குச் சிவப்பு, அசலூர் டாங்கருக்குப் பச்சை. ஆனாலும் கணக்கில் ஓட்டை இல்லை.

அங்கிருந்து நேரே மம்சாபுரம் பஸ் ஏறினேன். அம்மா தொழுவில் இருந்தாள். மூத்த பசு வறண்டு, நிறைசினையாக நின்றது. இளையது கறவையில் இருந்தது.

"அம்மா, அந்தப் பிள்ளைகிட்ட ஏன் ஒரு லிட்டர்னு சொன்ன?"

"பொறவு என்ன சொல்ல? வந்தவகிட்ட எல்லாம் ஒப்பிக்கவா? நல்ல பிள்ளைதான், ஆனா அது கண்ணு எப்படின்னு யாருக்குத் தெரியும்?"

"அதனால நம்ம பாலை அண்ணாச்சி வேண்டாம்னு சொல்லப்போறாரு."

அவள் கையிலிருந்த தோகையைக் கீழே போட்டாள். "நெசமாவா சொல்லுத?"

விளக்கினேன். வாயு, பங்கு, டவுன் பஸ், எல்லாம். பாதி புரிந்திருக்கும். கடைசியில் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அப்போ மாடு நெறையக் கறந்தா நல்லது, கொறையக் கறந்தா கெட்டதா?"

"ஆமா."

"நான் நல்லா கறக்கக் கூடாதுன்னா சொன்னேன்? வெளியில சொல்லக் கூடாதுன்னுல்ல சொல்லுதேன்."

பிறகு, நான் மறந்திருந்த ஒன்றை நினைவுபடுத்தினாள். மாட்டுக்கு இன்சூரன்ஸ் போட வந்தவரிடம் அப்பா ஒருமுறை உள்ள அளவைச் சொல்லிவிட்டார். அதே வாரம் அந்தப் பசுவுக்கு மடி வீங்கி, ஒரு காம்பு செத்துப்போனது. மடிநோய் எதனால் வரும் என்று எனக்குத் தெரியும். ஈரத் தரையும் அழுக்குக் கையும் போதும். கன்று போடப்போகிற மாடு பக்கத்தில் நிற்கும்போது யாரும் அதைச் சொல்ல முடியாது.

"சொன்னா, அண்ணாச்சி நம்ம பாலை எடுப்பாகளா?" என்று கேட்டாள்.

"எடுப்பாரு."

எதை வைத்து அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. உண்மையான அளவு வந்தால் பச்சைக்குள் வந்துவிடும் என்று நம்பினேன். அம்மாவின் மாட்டுக்கு எதிராக ஒரு கணக்கு இருக்க முடியாது என்று நினைத்தேன். அம்மாவின் நம்பிக்கையைவிட என் நம்பிக்கை ஒன்றும் உசத்தி இல்லை.

மறுநாள் அவளே எதிர்வீட்டுக்கும் மற்ற வீடுகளுக்கும் போய், உள்ள அளவைக் காட்டச் சொல்லிப் பேசினாள். அந்த வீட்டுப் பெண்கள் லேசில் சம்மதிக்கவில்லை. எதிர்வீட்டு அத்தை, "ஏட்டி, ஒம் மக படிச்ச படிப்புக்கு எம் மாடா கெடச்சது?" என்று கத்தியது தெருமுனை வரை கேட்டது. கடைசியில் அம்மாவின் முகத்துக்காக ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் மாட்டுக்கு உப்பு, மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார்கள். பிறகு என்னைத் தொழுவுக்குள் விட்டு, அளவுச் செம்பை என் கையில் கொடுத்தார்கள். வாயால் ஒருத்தரும் சொல்லவில்லை. நான் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும், நானும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. அம்மா வீட்டில் மட்டும் கோயம்புத்தூர்ப் பெண் அளந்தாள். அவளுக்கு அம்மா பாலைக் காட்டிவிட்டு, தன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு ஏதோ அம்மாவை டாக்டர் முன்னால் உடுப்பைக் கழற்றச் சொல்லிவிட்டதுபோல இருந்தது.

தீனியும் உள்ளபடி எழுதப்பட்டது. மேய்ச்சல், தாள், தோகை, கழுநீர். கழுநீர் என்று எழுதும்போது எதிர்வீட்டு அத்தை, "இது வெளியில தெரியாதுல்லா?" என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டார்.

புதுக் கணக்கை அனுப்பிவிட்டு, ஆபீஸிலிருந்து போன் வரும்வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

மஞ்சள்.

எனக்கு மேலே இருக்கும் சார் நல்ல மனிதர். பொறுமையாகத்தான் பேசினார். "சிவப்புல இருந்து மஞ்சளுக்கு வந்ததே பெரிய விஷயம்மா. நாட்டு மாடு, கன்னு வேற குடிக்குது, வறண்டு நிக்கிற மாசங்கள் வேற கணக்குல வருது. லிட்டருக்குன்னு பார்த்தா பெரிய பண்ணையை எப்படி எட்டும்?"

"சார், அந்த மாடு ஊர் கழிச்சுப்போட்டதைத் தின்னு உயிர் வாழுது. அதோட சாணம் வயலுக்குப் போகுது."

"அதுக்கெல்லாம் கழிச்சுட்டேன்மா. கழிச்சதுக்கப்புறம்தான் மஞ்சள்."

கழித்துத்தான் இருந்தார். நான் தாளைப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் சரி. யாரோடாவது சண்டை போட வேண்டும்போல இருந்தது, ஆனால் சண்டை போட ஆள் இல்லை. சென்னைக் கடைக்காரர்கள் செய்தது தப்பா? வாங்குகிறவர்களுக்கு நல்லதைக் கொடுக்க நினைக்கிறார்கள். வாங்குகிறவர்கள் செய்வது தப்பா? நானே அப்படித்தான் வாங்குகிறேன். பண்ணைக்காரர் செய்வது தப்பா? அவர் சாணத்தைக்கூட வீணாக்கவில்லை.

அண்ணாச்சியிடம் மஞ்சள் என்று சொன்னபோது, அவர் எழுந்துபோய் ஒரு தட்டில் இரண்டு உருண்டை பால்கோவா எடுத்துவந்தார். "இது நம்ம பாலு. இது பண்ணைப் பாலு, மாதிரிக்குக் கிண்டுனது. தின்னு பாரு. எனக்கும் ஒரு மனசாட்சி இருக்குல்ல, நீயே சொல்லு."

தின்றேன். பண்ணைப் பால் கோவா மட்டமாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் அத்தனை சாமியையும் வேண்டிக்கொண்டு தின்றேன். நாக்கில் வைத்து, கரைத்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தின்றேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"எனக்கும் தெரியல தாயி" என்றார். "என்னைக்கும் ஒரே பதமா வருது. கொறை சொல்ல ஒண்ணுமில்ல. நான் வேண்டாம்னு சொன்னா, அந்த ஆர்டரு நாளைக்கே பக்கத்துக் கடைக்குப் போயிரும். இங்க கிண்டுறவன் எல்லாம் அங்க போயிருவான்." தட்டை எடுத்து ஓரமாக வைத்தார். "ஒங்க அம்மாகிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்லுவேன்?"

அவர் சொல்லவில்லை. கடை விற்பனைக்கு மட்டும் மம்சாபுரத்துப் பால் என்று ஒரு ஏற்பாடு செய்து பார்த்தார். ஒரே அடுப்படியில் இரண்டு பாலைத் தனித்தனியாக வைத்துக் கிண்ட முடியவில்லை. எங்கள் ஆபீஸிலிருந்து சோதனைக்கு வந்தவர்கள், பால் கலந்தால் பச்சை வட்டத்தை எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு ஒருநாள், நாலு வீட்டிலும் பால் சேகரித்து எடுத்துப்போகும் பால்காரர் வரவில்லை. அம்மா வாசலில் சட்டியோடு வெயில் ஏறும்வரை நின்றிருக்கிறாள். அன்றைக்கு அவள் எனக்குப் போன் செய்து, "பாலு வாங்க ஆளு வரல. என்ன ஏதுன்னு அண்ணாச்சிகிட்ட கேட்டுச் சொல்லு" என்றாள். கேட்க வேண்டியதில்லை என்று எனக்குத் தெரியும். கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன்.

பால் சொசைட்டி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அது ஊரின் மறுகோடியில் இருக்கிறது. தூக்குவாளியோடு இரண்டு வேளையும் நடக்க அம்மாவின் முழங்கால் இடம் தரவில்லை. எதிர்வீட்டு அத்தை தன் மருமகன் பைக்கில் கொஞ்ச நாள் எல்லார் பாலையும் கொடுத்தனுப்பினார். மருமகன் மில் வேலைக்குப் போனதும் அதுவும் நின்றது. தெரு முழுக்கப் பாலைச் சும்மா கொடுத்துப் பார்த்தாள் அம்மா. மூத்த பசு கன்று போட்டது, கிடேரி. மடியும் வீங்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை. கண்ணு படாதது குறித்து அவள் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. பால் கூடியதுதான் மிச்சம், கறந்த பாலைக் கழுநீர்ப் பானையில் ஊற்றி மாட்டுக்கே வைத்ததாக ஒருநாள் சொன்னாள்.

மாடுகளைக் கொடுத்துவிடுவது என்று அவளேதான் முடிவு செய்தாள். வியாபாரி வந்த அன்று நானும் போயிருந்தேன். எங்கள் பக்கத்தில் மாட்டு வியாபாரி என்றாலே எல்லாருக்கும் ஒரு பயம் உண்டு. கறவைக்கு விற்பானா, செங்கோட்டை தாண்டி அடிமாட்டுக்கு அனுப்பிவிடுவானா என்று சொல்ல முடியாது. அவர் மாடுகளைச் சுற்றிவந்து, வாலைத் தூக்கிப் பார்த்து, பல்லைப் பிடித்துப் பார்த்தார்.

"எம்புட்டு கறக்கும் ஆச்சி?"

அம்மா அவரைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி அளவைச் சொன்னாள். உள்ள அளவு. அதற்கு மேலேயும் ஒரு லிட்டர் சேர்த்துச் சொன்னாள். "நல்ல கறவை. வீட்டுல வச்சிக் கறக்கிறவுகளுக்குக் கொடுங்க. கைய வச்சா ஒதைக்காது. பிள்ளைக கூடக் கறக்கலாம்" என்றாள். அவர் சரி சரி என்றார். அவர் எதற்கும் சரி என்று சொல்லும் ஆளாகத்தான் எனக்குத் தெரிந்தது. கன்றைத் தூக்கி முதலில் வண்டியில் ஏற்றினார்கள். பசுக்கள் தானாகவே பின்னால் ஏறின. தடுத்து நிறுத்தி எங்கே கொண்டுபோய்க் கட்டுவது? ராஜபாளையத்தில் எனக்கு இருப்பது மாடி வீடு.

அண்ணாச்சியின் பெட்டி இப்போது சென்னையில் நன்றாகப் போகிறது என்று கேள்வி. நல்ல வேலை என்று ஆபீஸில் என்னைப் பாராட்டினார்கள்.

நான் அடுத்த முறை மம்சாபுரம் போனபோது அம்மா கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாள். இனி என்னோடு வந்துவிடு என்று கேட்டேன். மாட்டை யாரு பாப்பா என்று அவள் இப்போது சொல்ல முடியாது. "பாப்போம்" என்றாள். பிறகு, நான் கடுங்காப்பியைக் குடிக்கமாட்டாமல் குடிப்பதைப் பார்த்துவிட்டு எழுந்தாள். "இரு, பால் வாங்கிட்டு வாரேன்."

நானும் கூடப் போனேன். தெருமுனைப் பெட்டிக்கடையில் குளிர்பெட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே நாலைந்து விதமான பால் பாக்கெட். அம்மா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறந்ததிலிருந்து பால் விலைக்கு வாங்கியவள் இல்லை அவள். மாடு வறண்ட மாசத்தில்கூடத் தெருவில் யார் வீட்டிலிருந்தாவது செம்பு வந்துவிடும். இப்போது தெருவில் எந்த வீட்டிலும் மாடு இல்லை.

"ஏட்டி, இதுல எது நல்ல பாலு? நீதான இதெல்லாம் படிச்சிருக்க. எதை எடுக்கட்டும்?"

குத்திக்காட்டக் கேட்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, உண்மையாகவே கேட்டாள். பாக்கெட்டுகளில் ஒன்றில் மட்டும் மூலையில் பச்சை வட்டம் இருந்தது. அந்தப் பண்ணையுடையது. வேறு யாராவது கேட்டிருந்தால் யோசிக்காமல் அதைத்தான் காட்டியிருப்பேன்.

"பச்சை போட்டிருக்குல்ல, அது" என்றேன்.

அவள் அதையே எடுத்தாள். வீட்டுக்கு வந்து, அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு, பாக்கெட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு மூலையைப் பல்லால் கடித்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டி, "இதை எங்கிட்டு வெட்டணும்?" என்று கேட்டாள்.